நாற்பத்தேழாம் எண்

கெய்ரோ ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக்கூடம். நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. டாக்டர் வக்தி மைக்ரோஸ்கோப்பிலிருந்து சோர்வாகத் தலையைத் தூக்கினார்.

“நாற்பத்தேழாம் நம்பர். கல்லீரல் செல்லைக் கூடாரக் கழி மாதிரி தாங்குற இழையெல்லாம் சரிஞ்சு, சுருண்டு, கட்டியா கெடக்கு. குடிகாரன்தான்.”

“சர்க்கரையும் கொழுப்பும்கூட அந்த இழையைச் சுருட்டும், வக்தி” என்றார் எதிர் மேஜை டாக்டர் ஷாஹினாஸ்.

“ஊர்க் குடிகாரனுக்கெல்லாம் நீங்கதான் வக்கீல், டாக்டரம்மா. கேட்டா, மோந்துகூடப் பார்த்ததில்லம்பான்.”

“குடின்னு எழுதினா, மாற்றுக் கல்லீரல் பட்டியல்ல பேரை அடிச்சிடுவாங்க.”

“அடிக்கட்டும். நோன்பு வயித்தோட இவனுக்காக வாதாட எனக்குத் தெம்பில்ல.” வக்தி பேனாவைத் திறந்தார்.

“அவன் இல்ல, அவ.”

“கண்ணாடித் துண்டுல வெறும் நம்பர்தானே இருக்கு? ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஷாஹினாஸ் வலது விலாவை அழுத்திக்கொண்டு மெல்ல எழுந்தார்.

“ஊசி விட்டுச் சதை எடுத்த எடம் இன்னும் வலிக்குது. பதினேழு வருஷமா ஒங்க எதிர்லதான் உக்கார்ந்திருக்கேன், வக்தி. எழுதறதுக்கு முன்னாடி, குடிப்பீங்களான்னு என்னை ஒரு வார்த்த கேட்டுடுங்க.”