குளத்துக்குள் முதல் குதி

உச்சி வெயிலில் எங்கள் ஸ்லோவாக்கிய நகரத்து நீச்சல் குளம் நீலமாகத் தகதகக்கிறது. ரோமா இனத்தவரான எங்களை மட்டும் திருப்பி அனுப்பிய அதன் கதவுக்கு வெளியே, துண்டும் கையுமாகக் கோடை முழுக்க மறியல் செய்த குடியிருப்புப் பெண்கள் நாங்கள், இன்று குளத்தின் விளிம்பில் நிற்கிறோம். அக்கரையில் நகரத்துக்காரர்கள் எங்களையே பார்க்கிறார்கள். ஈரச் சிமெண்டும் வறுத்த உருளைக்கிழங்கும் கலந்து மணக்கின்றன. எங்களைத் திரட்டிய யோலானா எல்லோருக்கும் முன்னால் நிற்கிறாள். புது மஞ்சள் நீச்சலுடையில், கால் விரலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பின்வாங்குகிறாள்.

"என்னக்கா, மேயரோடயே மல்லுக்கட்டி ஜெயிச்சே, தண்ணியப் பாத்துப் பயப்படுறியே?" என்று எங்களில் ஒருத்தியான எதெலா சீண்டுகிறாள்.

"சும்மா இருடி! எனக்கு எங்க நீச்சல் தெரியும்? உள்ள விட்டாத்தானே கத்துக்கிறதுக்கு!"

எங்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே யோலானா மூக்கைப் பிடித்துக்கொண்டு தொபீரென்று குதிக்கிறாள். நீலம் உடைந்து வெள்ளையாகச் சிதறுகிறது. எங்கள் சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. தண்ணீருக்கு மேலே ஒரு கறுத்த தலை எழும்புகிறது. வாயிலிருந்த தண்ணீரைத் துப்புகிறது.

"அடியே, கால்ல தரை தட்டுதுடி! இங்க நிக்கலாம்! எல்லாரும் வாங்க!"

கைகோத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் குதிக்கிறோம்.