புயல் திரும்பிய மதியம்

"அக்கா, இன்னும் கெளம்பலீங்களா நீங்க?"

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் இரண்டு மாத வேலை முடிந்து திருச்செங்கோடு வந்து சேர்ந்த ஆனந்தகுமார், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவி வெண்ணிலாவின் குரலைக் கேட்டான். அவனைப் பார்த்துச் சிரித்தாள். போனை மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை.

மேசைமேல் ஒரு வரைபடம் விரிந்து கிடந்தது. வங்கக்கடலில் பேனாவால் வைத்த புள்ளிகள் கரையை நோக்கி ஏறி வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நேரமும் காற்றின் வேகமும். வானிலை மையம் மூன்று மணி நேரத்துக்கொருமுறை அறிக்கை விட விட, அவள் புள்ளி வைத்திருக்கிறாள்.

கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் இருந்தாள் போனில் பேசிய அந்த அஞ்சலையக்கா. நடக்க முடியாத மாமனார், கணவன், இரண்டு பிள்ளைகள். புயல் வடக்கே போகிறது என்றுதான் இரண்டு நாளாகப் பேச்சு. போன தடவை பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்களாம், ஒரு ஓடுகூடப் பறக்கவில்லையாம். அதனால் இந்தத் தடவை அசைய மாட்டேன் என்கிறான் கணவன்.

வெண்ணிலா விடுதியில் தங்கிப் படித்தபோது கூடப் படித்தவளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான் ஆனந்தகுமார்.

"அதுதான் வடக்கே போகுதாமே, அப்புறம் என்ன?" என்றான்.

"நேத்து வரைக்கும் பதினஞ்சு கிலோமீட்டர் வேகத்துல வந்துச்சுங்க. இப்ப ஆறுதான். கடல் மேலயே நிக்க நிக்க பலம் கூடும். கடைசி ரெண்டு புள்ளியைப் பாருங்க, மேற்கால சாயுது."

சொன்னவள் அத்துடன் விடவில்லை. பதினொன்றரை மணி அறிக்கைக்காகச் சோறு வடிக்கக்கூட மறந்து காத்திருந்தாள். வந்தது. தீவிரப் புயல், பாதை திரும்பிவிட்டது, மாலையில் கடலூருக்குத் தெற்கே கரையைக் கடக்கும்.

அவள் அறிக்கையை வரி வரியாக அஞ்சலைக்குப் படித்துக் காட்டினாள். அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்பதை இரண்டு தடவை படித்தாள். படகை விட்டு வரமாட்டேன் என்று கணவன் பின்னால் கத்துவது ஆனந்தகுமாருக்கே கேட்டது. போனை அவரிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அண்ணா, படகு போனா நாளைக்குத் தேடிக்கலாமுங்க. உங்க பிள்ளைங்களை எங்கீங்க போய்த் தேடறது?"

அப்பாவை எப்படித் தூக்கிப்போவது என்று கேட்டான் அவன்.

யார் யாரிடமோ கேட்டு அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலரின் எண்ணைப் பிடித்தாள் வெண்ணிலா. ஆறு தடவை அடித்த பிறகு அவர் எடுத்தார். ஒரு மணிக்கு டிராக்டர் வந்தது. அவர்கள் ஏறுவதைப் பார்த்து அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் ஏறினார்கள். இரண்டு மணிக்கெல்லாம் எல்லோரும் புயல் பாதுகாப்பு மையத்தில் இருந்தார்கள்.

மாலை ஐந்தரைக்குப் புயல் கரை ஏறியது. அதன்பின் அஞ்சலையின் போன் கிடைக்கவில்லை. திருச்செங்கோட்டில் வெறும் தூறல். வெண்ணிலா ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தத் தூறலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. கடல் தெருவுக்குள் வந்து போயிருந்தது. அஞ்சலையின் வீடு நின்ற இடத்தில் மணல்மேடுதான் மிச்சம். டிராக்டரில் ஏறிய பதினாறு பேரும் நன்றாக இருந்தார்கள்.

போனை வைத்துவிட்டு முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள் வெண்ணிலா. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவளை இப்படி ஒருத்தியாக அவன் பார்த்ததே இல்லை. அவனுக்குப் பெருமையாக இருந்தது.

"அவங்க குடியிருந்த ஊடே போயிருச்சு. துணிமணி, அரிசியெல்லாம் வாங்கிட்டு நாளைக்கே ரெண்டு பேரும் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்தரலாம்" என்றான். "ஆமா, விடுதியில உன்னோட ஒரே ரூமா அவங்க?"

"அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாலு நாளைக்கு முன்னால மக்காச்சோள யேவாரிக்குப் போன் போட்டேன், ஒரு நம்பரு தப்பாயிருச்சு. எடுத்த அக்காவுக்குப் பின்னால அலைச் சத்தம் கேட்டுச்சுங்க."