பத்தொன்பதாம் நாள் ஈரம்

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சுவதற்கு முன் அடுப்பில் வாணலியை ஏற்றினான்.

சிலிக்கா மணிகளைக் கொட்டி மெல்லிய தீயில் வறுத்தான். ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகக் கிடந்தவை கொஞ்சம் கொஞ்சமாக நீலத்துக்குத் திரும்பின. ஆறியதும் துணிப்பையில் கட்டி, இறுக்க மூடும் டப்பாவுக்குள் கேமராவின் பக்கத்தில் வைத்தான். நேற்று வைத்த பையை நாளை வறுப்பதற்காக எடுத்துக்கொண்டான்.

பிறகு பால் காய்ச்சினான்.

இன்றோடு பத்தொன்பது நாள்.

"இன்னும் காயலையா மாப்ள?"

அத்தை. மகள் போனதிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். ஒற்றையாக விட்டால் இவன் சோறு தின்ன மாட்டான் என்று தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவள்.

"உள்ள கொஞ்சம் ஈரம் இருக்கு அத்தை."

"ஊர் முழுக்கப் பேஞ்ச மழையே காஞ்சு போச்சு. இது மட்டும் காய மாட்டேங்குதாக்கும். சட்டையப் போடுங்க. இன்னைக்கு ரிப்பேர் கடைக்கு நானும் வரேன்."

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கேமராவில் மகளின் குரல் இருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியுமாகக் கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போகும் வழியில், வண்டி மழையில் நின்றுபோய் இறங்கி நடந்தபோது, தெருவில் நின்ற தண்ணீரை அவள் வீடியோ எடுத்துக்கொண்டே, பேசிக்கொண்டே வந்தாள். முதல் நாள் அவனே வாய்தவறிச் சொன்னது.

மிச்சம் எல்லோருக்கும் தெரியும். சாலை எது, கால்வாய் எது என்று தெரியாத தண்ணீர். கால் வழுக்கியது. போகும்போதுகூட "கேமரா நனையாம பாத்துக்கோங்க" என்றுதான் சொன்னாளாம். துக்கம் கேட்க வந்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்கள். தொழில்மேல் அத்தனை உயிர் என்றார்கள். அத்தைக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

கேமரா பழுது பார்ப்பவருக்கு வட்டாரத்தில் டாக்டர் என்று பெயர். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சு விட முடியாத கடை. டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார்.

"அரிசி மூட்டைக்குள்ள புதைச்சு எடுத்துட்டு வராத மொத ஆளு நீங்கதான் தம்பி."

அடித்தகட்டைக் கழற்றினார். சிரிப்பு நின்றது. உள்ளே போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது.

"எத்தன நாளாச்சு?"

சொன்னான்.

"நீங்க தொழில்காரர். டப்பாக்குள்ள மூடி வச்சா வெளி ஈரம்தான் போகும். உள்ள அது பாட்டுக்கு அரிச்சுக்கிட்டே இருக்கும். மறுநாளே கொண்டு வந்திருந்தா பொழைச்சிருக்குமே. இது தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். எத்தனையோ பேருக்கு அவனே சொல்லியிருக்கிறான்.

"பொண்டாட்டியப் பறி குடுத்தவருக்கு எதுதான் ஞாபகம் இருக்கும்? அவரத் திட்டாதீங்க" என்று அத்தை அவனுக்காகச் சண்டைக்கு வந்தாள்.



டாக்டர் இடுக்கியால் மெமரி கார்டை உருவினார். ஸ்பிரிட்டில் துடைத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கேமரா முடிஞ்சுதும்மா. ஆனா கார்டு அவ்வளவு லேசுல சாகாது."

கம்ப்யூட்டரில் செருகி, எதையோ தட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம். அவன் தரையில் விழுந்து கிடந்த ஒரு சின்னத் திருகாணியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கடைசி வீடியோ சரியா முடியாமக் கெடந்துது. தூக்கி நிறுத்திட்டேன். பாதிக்கு மேல இருட்டு, ஆனா சத்தம் இருக்கு. நிறுத்தாமயே பைக்குள்ள போட்டுட்டீங்களா தம்பி?"

தலையாட்டினான். ஜிப்பை இழுக்கும்போது சிவப்பு விளக்கு மினுக்கியதை அவன் பார்த்திருந்தான்.

அத்தை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள், குரல் கேட்பதற்கு.

முதலில் மழை. பிறகு அவள்.

"இங்க பாருங்களேன், தவளையெல்லாம் நம்மகிட்ட வழி கேக்குது."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படியே அழுதாள்.

ஜிப் சத்தம். திரை இருண்டது. தண்ணீரின் இரைச்சல் மட்டும் கூடிக்கொண்டே போனது.

"இப்பச் சொல்லுவா" என்றாள் அத்தை. "கேமராவப் பாத்துக்கோங்கன்னு, இப்பச் சொல்லுவா."

அன்று மருத்துவமனை வாசலில் யாரோ ஒருவர் அவன் தோளைப் பார்த்து, இந்தப் பையை மட்டும் எப்படி விடாமல் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அவருக்கு ஏதாவது ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னான்.

இருட்டுத் திரையில் அவனுக்கு எல்லாமே தெரிந்தது. மார்பளவு தண்ணீர். முன்னால் அவன். பின்னால், அவன் சட்டை நுனியைப் பிடித்தபடி அவள். தலைக்கு மேலே, இரண்டு கைகளிலும் ஏந்திய பை. அதுவரை பைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. அவளைத் தேடி அவன் முங்கியபோதுதான் நனைந்தது.

டாக்டர் சத்தத்தைக் கூட்டினார்.

"ஏங்க... ஒரு கைய மட்டும் குடுங்க."