சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பிகள்

ரேணிகுண்டாவில் கார்களுக்கு அலங்காரம் செய்து தரும் பட்டறை வைத்திருந்தான் எழிலரசன். கூரை திறக்கும் சிவப்புக் காரோடு வந்த யஸ்வந்த், சீட்டுக்குப் பின்னால் நின்ற இரண்டு வளைகம்பிகளும் அழகைக் கெடுப்பதாகச் சொன்னான். கார் கவிழ்ந்தால் தலையைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்த கம்பிகள் அவை. எழிலரசன் அதைச் சொல்லவில்லை. கழற்றிவிட்டு, பளபளப்பான ஃபைபர் மூடி ஒன்றை மாட்டிக் கொடுத்தான்.

சித்தூர் சாலையில் கார் கவிழ்ந்தது. யஸ்வந்தின் உயிர் அங்கேயே போயிற்று. நசுங்கிய காரைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

காரியம் முடிந்த பிறகு யஸ்வந்தின் மனைவி பிரீத்தி பட்டறைக்கு வந்தாள்.

“அந்தக் கம்பி ரெண்டும் இருக்குதாண்ணா? அவரு கேட்டுக்கினே இருக்காரு.”

எழிலரசன் உள்ளே போய்க் கம்பிகளை எடுத்து வந்தான்.

“நீங்களே வந்து மாட்டணும்ன்றாரு.”

“காரு ஏதும்மா?”

“வூட்டு வாசல்லதாண்ணா நிக்குது.”

எழிலரசன் கம்பிகளைத் தோளில் போட்டுக்கொண்டான். ஸ்பேனர் பெட்டியோடு அவள் பின்னால் போனான்.

வழியெல்லாம் மழை கொட்டியது. அவர்கள் வீட்டு வாசலில் தண்ணீர் தேங்கி நின்றது. நடுவில், ஒரு கார் நிற்கும் அளவுக்கு மட்டும் தரை காய்ந்து புழுதியாகக் கிடந்தது. மழை இன்னும் விடவில்லை.

எழிலரசன் அதன் ஓரமாக மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தான்.