இரண்டு டிகிரி

தெரபிஸ்ட் பெண் ஏட்டில் நூற்று முப்பது என்று எழுதியதை டைல்ஸ்காரர் படுத்தபடியே, தலைகீழாகப் படித்துவிட்டார்.

மல்லாந்து படுத்து வலது முழங்காலை மடக்கிப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நாலு மாதத்தில் பாதியாக இளைத்துப்போன தொடைச் சதை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கண்ணுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. இருபத்திரண்டு வருடம் சுவர் மூலைகளில் மூலைமட்டம் வைத்துப் பழகிய கண் அது.

அந்தக் கால் நூற்று முப்பது டிகிரி மடங்கவில்லை. நூற்று இருபத்தெட்டு. அதற்கு மேல் ஒரு நூல் கிடையாது.

இவ்வளவு பாடும் அந்த நூற்று முப்பதுக்காகத்தான். அவ்வளவு மடங்கினால்தான் மண்டி போட்டு வேலை செய்ய முடியும் என்று காண்ட்ராக்டர் எங்கேயோ விசாரித்து வைத்திருந்தார். நாளைக் காலைக்குள் தெரபிஸ்டின் கடிதம் வந்தாக வேண்டும். வராவிட்டால் பள்ளிக்கூடக் கட்டடத்தில் மிச்சமிருக்கும் வேலைக்கு வேறு ஆள்.

அந்தக் கட்டடத்தில்தான் அவர் விழுந்தார். தோளில் டைல்ஸ் பெட்டியோடு படியிறங்கும்போது, கால் அடுத்த படியைத் தேடி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு மொத்த பாரமும் மடங்கிய முழங்காலில் இறங்கியது. பட்டென்று ஒரு சத்தம். பெட்டிக்குள் ஓடு உடைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் உடைந்தது ஓடு இல்லை என்று தெரிந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஜவ்வு கிழிந்துவிட்டதாமே என்றார்கள். ஜவ்வு இல்லை, தசைநாண் என்றார் டாக்டர். முட்டிச் சிப்பியைக் கீழெலும்போடு கட்டிப் பிடித்திருக்கும் கயிறு. அது முழுசாக அறுந்து, சிப்பி தொடைப் பக்கம் ஏறிப் போயிருந்தது. இழுத்துத் தைத்தார்கள்.

பழி செருப்பின் மேல் விழுந்தது. செருப்பு வழுக்கிவிட்டது என்று காண்ட்ராக்டர் சொன்னார், மேஸ்திரியும் ஆமாம் போட்டார். மனைவி அந்தச் செருப்பைக் கையால் தொடக்கூட மனமில்லாமல் துடைப்பத்தால் தள்ளிக் குப்பையில் போட்டாள். டைல்ஸ்காரர் வாயைத் திறக்கவில்லை.

அவர் அந்தக் கட்டடத்துக்கே திரும்பிப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றபோது மட்டும் மனைவிக்குப் பொறுக்கவில்லை. வேறு இடத்தில் கூப்பிட்டார்கள். நின்றுகொண்டே செய்கிற சுவர் வேலை, முட்டிக்குத் தொந்தரவில்லை.

"உங்களுக்கு வேற தரையே கிடைக்கலையா? விழுந்த இடத்துலயே போய் விழணும்னு வேண்டுதலா?"

அவர் குதிகாலைத் துண்டால் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் முப்பது டிகிரி. பிறகு அறுபது. தொண்ணூறில் மூன்று வாரம் அசைய மாட்டேன் என்று நின்றது. இடுப்பைத் தூக்கிக் கள்ளத்தனமாக மடக்கப் பார்த்து, தெரபிஸ்ட் பெண்ணிடம் பள்ளிப் பிள்ளைபோல் திட்டு வாங்கினார். வலிக்கும்போது சதையை முறுக்கக் கூடாது, மூச்சு விட்டுத் தளர்த்த வேண்டும் என்பதைக் கற்கவே ஒரு மாதம் ஆனது. நான்கு மாதத்தில் அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அதனால்தானோ என்னவோ, இன்று அவள் மனம் இளகிவிட்டது.

அவர் ஏட்டையே பார்ப்பதைக் கவனித்து அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு டிகிரிதானேண்ணா. யாருக்குத் தெரியப்போகுது?"

டைல்ஸ்காரர் கூரையைப் பார்த்தார்.

அதே வார்த்தை. ஒரு சொல் மாறவில்லை.

விழுவதற்கு முன்பு, அந்தப் பள்ளிக்கூடப் படிக்கட்டில் ஐந்தாம் படிக்கு அடியில் கலவை கொஞ்சம் கூடிப்போயிருந்தது. ரசமட்டத்தின் குமிழி நடுவில்தான் நின்றது. ஆனால் கல் மற்ற படிகளைவிட அரை விரல் உயரமாக உட்கார்ந்துவிட்டது. அதைப் பெயர்த்து மறுபடி போட ஒரு மணி நேரம் பிடிக்கும். மற்றவர்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்லை இரண்டு தட்டுத் தட்டி, யாருக்குத் தெரியப்போகுது என்று சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனவர் வேறு யாருமில்லை, அவரேதான்.

கால் தவறியது அந்தப் படியில்தான் என்று விழுந்த அன்றே அவருக்குத் தெரியும். சொல்லத்தான் நாக்கு எழவில்லை. அந்தப் படி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பெயர்த்துச் சரியாகப் போட அவரே போயாக வேண்டும்.

"அதை அடிச்சிட்டு இருபத்தெட்டுன்னே போடும்மா. மறுபடி மடக்கிப் பார்ப்போம்."

அவள் ஒரு நிமிடம் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு அடித்து எழுதினாள். கோணமானியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அவர் குதிகாலில் துண்டைச் சுற்றினார். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இழுத்தார். தையல் போட்ட இடம் எரிந்தது, இழுத்தார்.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. மணி அடித்ததும் முந்நூறு பிள்ளைகள் அந்தப் படியில் ஓடி இறங்கும்.