மருதாணிக்கு அடுத்த திருப்பம்

கறிவேப்பிலையை மட்டும் வெட்டச் சொல்லிவிடாதீர்கள்.

மனதுக்குள்தான் சொன்னாள்.

கணவர் துவைகல்லின் மேல் கட்டத்தாளை விரித்து, பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார். சர்வே இலாகாவில் முப்பத்தொரு வருடம். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து முடித்துவிட்டு, சொந்தப் புறவாசலுக்கு இப்போதுதான் வந்திருக்கிறார்.

வீட்டை ஒட்டி அகலமாகத் தொடங்கும் தோட்டம். போகப் போக இடுங்கி, வாய்க்காலுக்குப் பயந்ததுபோல ஒரு பக்கம் ஒடிந்து, கடைசியில் ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு வால் மட்டும் நீண்டிருக்கும். வாலின் நுனியில் நந்தியாவட்டை.

நடுவில் இருப்பதெல்லாம் காடு.

"ஒரே வருசத்துல இப்படி ஆக்கி வச்சிருக்கியே" என்றார். கோபமில்லை. பென்சிலைக் கூர் பார்த்தார். ஸ்கேலை வைத்து, படியிலிருந்து நந்தியாவட்டை வரை ஒரு கோடு இழுத்தார்.

"அக்காவுக்குத்தான். முட்டி வலியோட வளைஞ்சு வளைஞ்சு நடக்கா, பாவம். நேரா ஒரு சிமெண்டு நடை போட்டுருவோம்."

அந்தக் கோட்டில் மருதாணி இருந்தது.

கறிவேப்பிலையும் இருந்தது.

போன புரட்டாசியில் ஒரு நாள், கொடியில் போர்வை காயப்போட்டிருந்தாள். பூப்பறிக்கப் போன மதினி, அவருடைய அக்கா, போர்வைக்கு முன்னால் நின்றுவிட்டாள். விலக்கவில்லை. குனியவில்லை. நல்ல வெயிலில், கையை நீட்டி அந்த ஈரத்தைத் தொட்டாள். விரலை மூக்கருகே கொண்டுபோய் சோப்பு வாசனை பார்த்தாள்.

அவள் ஓடிப்போய்ப் போர்வையை இழுத்தாள்.

மதினி அவள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவள் முகத்துக்கு அல்ல. சற்றுத் தள்ளி, தோளுக்கு.

"தம்பிட்ட சொல்லிராதட்டி. பாசக்காரப் பய. தெரிஞ்சா என்னயக் கட்டில விட்டு இறங்க விடமாட்டான்."

சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க என்று சொல்லிவிட்டு மதினியை டவுனுக்குக் கூட்டிப்போனாள். கண் நரம்பு வாடிவிட்டது, இனித் திரும்பாது என்றார் டாக்டர். வரும் வழியில் நிஜமாகவே ஒரு புடவை எடுத்தார்கள்.

நிறத்தை அவள் சொன்னாள். மதினி கரையைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினாள்.

மத்தியானங்களில் மதினி இரண்டு நந்தியாவட்டைப் பூக்களை இமைமேல் வைத்துப் படுத்திருப்பாள். சூட்டுக்கு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தோட்டத்தில் அவள் அரிவாள் வைக்கவில்லை.

ஒருநாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவளே நடந்து பார்த்தாள். படி இறங்கியதும் துவைகல்லின் ஈரம். அதிலிருந்து நாலு எட்டு வைக்க, மருதாணி இடுப்பில் உரசியது. அங்கே திரும்ப வேண்டும். கறிவேப்பிலை தோளில் படும்வரை போக வேண்டும். அப்புறம் நந்தியாவட்டை, தானாகவே கைக்கு வந்துவிடும்.

மருதாணியில் ஒரு கொப்பு தாழ்ந்திருந்தது. நெற்றியில் குத்தியது.

அதை மட்டும் ஒடித்தாள்.

"இந்த முனையப் பிடி" என்றார் அவர்.

படியருகே முளை அடித்துக் கயிற்றைக் கட்டியிருந்தார். மறுமுனையை வாங்கிக்கொண்டு அவள் நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கயிறு செடிகளுக்குள் புகுந்து விறைத்து நின்றது. அவர் தேங்காய்ச் சிரட்டையில் சுண்ணாம்புப் பொடியை அள்ளினார்.

அப்போதுதான் மதினி பூக்கூடையோடு படியிறங்கினாள்.

"வாக்கா. உனக்குத்தான் ரோடு போடுதோம்."

"போடு, போடு. பஸ் எப்ப விடுவ?"

அவர் சிரித்தார். பிறகு மனைவியைப் பார்த்து, பாரேன், எவ்வளவு மெல்ல நடக்கா என்பதுபோலத் தன் முட்டியைத் தொட்டுக் காட்டினார். அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

அவள் மதினியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துவைகல்லைத் தொட்டது. கட்டத்தாளில் பட்டு, திகைத்து, நகர்ந்தது.

மருதாணியைத் தொட்டது.

மதினி திரும்பினாள். அடுத்த எட்டில் கயிறு. கணுக்கால் உயரத்தில்.

அவள் கயிற்று முனையை விட்டாள்.

கயிறு புல்லில் விழுந்தது. மதினியின் பாதம் அதன்மேல் பதிந்து, கடந்தது. கறிவேப்பிலை அவள் தோளில் பட்டு அசைந்தது.

"ஏ, இப்பதான நேராக்கினேன். விட்டுட்டியே!"

"நடை வேண்டாங்க."

"ஏன்?"

காரணம் இருந்தது. ஆனால் அது அவளுடையது இல்லை.

"எனக்கு இப்படியே பிடிச்சிருக்கு."

"உனக்கா போடுதேன்? அக்காவுக்குல்லா."

மதினி வந்துவிட்டிருந்தாள். பூக்கூடை அவள் இடுப்பை இடித்தது. நந்தியாவட்டையில் முதல் பூ கிள்ளுகிற சத்தம் கேட்டது. இரண்டாவது.

அவர் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்தார். வளைந்த வழியில்தான் வந்தார். கயிற்றின் முனையைக் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, அவளிடம் நீட்டினார்.

"பிடி. ஒரு நிமிசம்."

பூ கிள்ளுகிற சத்தம் நின்றிருந்தது.

அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.