கள்ளமில்லாத கை

“சுவீடன்ல ஹோட்டலையே ஐஸ்ல கட்டி வச்சிருக்காங்க ஷிராணி. கட்டிலும் ஐஸ்தான். ஒரு ராத்திரி படுத்துப் பாக்கணும்” என்று றோலண்ட் மாஸ்டர் மனைவிக்குப் போனில் படத்தைக் காட்டினார். தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருஷம் படிப்பித்து ஓய்வுபெற்றவர்.

“சுவீடனுக்கு ஜெயந்தினி போயிட்டு வந்துட்டா. அவ பின்னாலயே நானும் போனா சர்ச்ல சிரிப்பாங்க. நோர்வேதான்.”

லண்டன் மகன் டிக்கட் போட்டுத் தருகிறான். பக்கத்துப் பக்கத்து நாடு இரண்டில் எது என்பதுதான் ஒரு வாரமாகச் சண்டை.

மேசை துடைத்துக்கொண்டிருந்த அழகம்மாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. தோட்டத்து லயத்தில் அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவில் விடியக்காலம் கூரைத் தகரத்திலிருந்து பனி சொட்டும். இவர்களோ நுவரெலியாக் குளிர் போதாமல் பிளேன் ஏறி ஐஸில் படுக்கப் போகிறார்களாம்.

ஆனாலும் சுவீடனே அமையட்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டாள். சுவீடன் என்றால் பயணம் பெப்ரவரியில். நோர்வே என்றால் ஜனவரி இருபத்தைந்து. இருபத்தெட்டாம் தேதி ராகலையில் அவள் மகள் வினோதாவுக்குக் கல்யாணம்.

“மெடம், நோர்வேன்னா எனக்கு ஒரு நாலு நாள்...”

“நாலு நாளா? நாயி ஒன்னத் தவிர யாரு கையிலயும் சாப்பிடாது. காலையில போயி தாலி கட்டுறதப் பாத்துட்டுப் பின்னேரம் வந்துரு. பொண்ணுக்குத்தானே கல்யாணம், ஒனக்கா?”

மாஸ்டர் சிரித்தார்.

“சரி, மாதாகிட்ட விட்டுருவோம்” என்று ஷிராணி உள்ளே போய் இரண்டு சீட்டு எழுதி மடித்துக்கொண்டு வந்தாள். மாதா படத்துக்கு முன்னால் ஒரு சாசரில் போட்டுக் குலுக்கினாள்.

“யாரு எடுக்கிறது?”

“அழகம்மா எடுக்கட்டும். எழுத்து வாசிக்கத் தெரியாதவ. கள்ளமில்லாத கை” என்றாள் ஷிராணி.

“அதுவும் சரிதான். தோட்டத்து ஆளுங்களுக்குச் சூதுவாது தெரியாது” என்றார் மாஸ்டர்.

அழகம்மா கண்ணை மூடி ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

“நோர்வே” என்றார் சுரத்தில்லாமல்.

ஷிராணி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். “மாதா சொன்ன பெறகு பேச்சே இல்ல. அழகம்மா, மத்த சீட்ட அடுப்புல போட்டுட்டு மாஸ்டருக்குத் தேத்தண்ணி கொண்டா.”

அழகம்மா சாசரோடு குசினிக்குப் போனாள். கேத்தல் கொதிக்கும்வரை அடுப்படியில் நின்றவள், மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள்.

அதிலும் நோர்வே.

எழுத்துக் கூட்டவே வேண்டியிருக்கவில்லை. முதலாம் வகுப்பில் கையைப் பிடித்து ஆனா எழுத வைத்து, வாசிக்கப் பழக்கியவர் இதே றோலண்ட் மாஸ்டர்தான். அவருக்குத்தான் அது மறந்துபோயிருந்தது.

சீட்டை நன்றாக நீவி, எழுத்து மேலே இருக்கும்படி சாசரில் வைத்தாள். அதன்மேல் கோப்பையை வைத்து, தேத்தண்ணியை ஊற்றி, மாஸ்டருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.